தாய், தா, தோ: குரோஷியப் பள்ளிகளில் பால் கற்பித்த வரலாறு

குரோஷிய நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் பெயர்ச்சொல்லின் பாலைக் கற்பிக்கும் முறை மிக எளியது. ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெயரை எழுதுவார். ‘அந்த’ என்று பொருள்படும் மூன்று சுட்டுச்சொற்களுள் எது அதன்முன் பொருந்தும் என வினவுவார். ‘தாய்’ பொருந்தினால் அப்பெயர் ஆண்பால். ‘தா’ பொருந்தினால் பெண்பால். ‘தோ’ பொருந்தினால் நடுப்பால். ஆண்பாலைக் காட்டும் சுட்டு நம் செவியில் ‘தாய்’ என ஒலிப்பது மொழிகள் தமக்குள் செய்துகொள்ளும் குறும்பு எனக் கொள்க. இம்முறைப்படி மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சிற்றூர் நடுப்பால். ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்பதில்லை. கேட்டாலும் விடை இல்லை.

தமிழாசிரியர்க்கு இது வியப்பளிக்கும். நம் இலக்கணத்தில் பால், பொருளைப் பின்தொடர்வது. உயர்திணையா அஃறிணையா என்பது முதலில் தெளிவாகும். அதன்பின் ஆண், பெண், பலர், ஒன்று, பல எனப் பகுப்பு விரியும். குரோஷிய மொழியில் பால் பெரும்பாலும் சொல்லின் வடிவத்தைப் பின்தொடர்கிறது. மெய்யில் முடிவன பெரும்பாலும் ஆண்பால். ‘ஆ’ ஒலியில் முடிவன பெண்பால். ‘ஓ’, ‘எ’ ஒலிகளில் முடிவன நடுப்பால். பாலைக் குறிக்க அம்மொழியார் வழங்கும் கலைச்சொல் ‘ரோத்’ என்பது. பிறப்பு, குலம், உறவு என்பன அதன் பொருள்கள். நம் ‘பால்’ என்னும் சொல் பகுதியைக் குறிப்பது. ‘திணை’ என்பதற்கோ குலம் என்னும் பொருளும் உண்டு. ஆகவே ‘ரோத்’ என்னும் சொல் நம் பாலைவிடத் திணைக்கே அணுக்கமானது.

தாய், தா, தோ என்னும் இந்தச் சோதனையின் இயல்பை உற்றுநோக்க வேண்டும். புத்தகத்தைக் குறிக்கும் ‘க்ஞீகா’ என்னும் சொல்லுக்கு முன் ‘தா’ வரும் என்று சொல்ல, அப்பிள்ளைக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழியாகப் பேசும் பிள்ளைக்குத் தெரியும். அதன் நாவில் உள்ளதற்கு ஆசிரியர் பெயர் சூட்டுகிறார், அவ்வளவே. தெரியாத பிள்ளையிடம் இச்சோதனையை நீட்டினால், கிணற்றில் நீர் உண்டா என்று பார்க்கும் வாளியைத் தாகத்திற்கு நீராகக் கொடுத்ததாக முடியும். இந்த வாளி எப்படி வந்தது, யாருக்காகச் செய்யப்பட்டது என்பதே இவ்வுரையின் பொருள்.

குரோஷிய மொழியின் முதல் இலக்கணத்தை எழுதியவர் பார்த்தோல் காஷிச். ஏட்ரியாட்டிக் கடலிலுள்ள பாக் தீவில் 1575-இல் பிறந்து இயேசு சபையில் சேர்ந்தவர். அவருடைய நூல் 1604-இல் உரோமையில் அச்சேறியது. எழுதப்பட்ட மொழி இலத்தீன். மொழியின் பெயராக அவர் வழங்கியது ‘இல்லீரிய மொழி’ என்பது. நூலை நோக்கி அமர்ந்திருந்த மாணவர் சிறுவர் அல்லர். பால்கன் நாடுகளுக்குச் சமயப் பணிக்குச் செல்லவிருந்த குருமார். அவர்கட்கு மேசை எப்பால், ஊர் எப்பால் என்பது உண்மையிலேயே தெரியாது. ஆதலின் அட்டவணையும் விதியும் விதிவிலக்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டன.

இங்கே தமிழோடு உண்மையான தொடர்பொன்று உண்டு. காஷிச்சுக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு முன்பே, அதே சபையைச் சேர்ந்த என்றிக்கே என்றிக்கசு முத்துக்குளித்துறையில் இருந்து தமிழுக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதினார். தம்பிரான் வணக்கம் அச்சிட்ட அதே அடிகளார்தாம். இரு நூல்களுக்கும் அளவுகோல் இலத்தீன். இரண்டுக்கும் படிப்பவர் வெளியார். வேறுபாடு என்னவெனில், தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க நமக்கு வேறொரு மரபு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. என்றிக்கசின் நூல் நம் திண்ணைப் பள்ளிகளைத் தீண்டவேயில்லை. குரோஷியருக்கு அத்தகைய மரபு இல்லை. வெளியாருக்கென வெட்டிய சட்டையைப் பின்னாளில் தம் பிள்ளைகளுக்கே அளவெடுத்துத் தைக்க நேர்ந்தது.

அடுத்த நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. 1713-இல் வெனிசில் வெளிவந்த லோவ்ரோ ஷித்தோவிச்சின் நூல், குரோஷிய மொழி பேசும் இளைஞருக்கு இலத்தீன் கற்பிப்பதற்காக எழுதப்பட்டது. இலத்தீனே அந்நாட்டில் கல்விக்கும் ஆட்சிக்கும் உரிய மொழி. வடக்கிலும் கிழக்கிலும் ஆஸ்திரியப் பேரரசின் படை எல்லைப் பகுதியில் ஜெர்மன் மொழி தேவைப்பட்டது. ஏழாண்டுப் போரில் சிறைப்பட்ட பிளாஷ் தாதியானோவிச் என்னும் துறவி, உடனிருந்த படைவீரர் ஜெர்மன் கற்பதற்காக ஒரு சிறுநூல் எழுதி 1761-இல் மாக்டெபுர்க் நகரில் அச்சிட்டார். படைத்துறையில் பணியாற்றிய மத்தியா அந்துன் ரெல்கோவிச்சின் இலக்கணம் 1767-இல் வந்தது.

இம்மூன்று மொழிகளுக்கும் முப்பால் உண்டு என்பதுதான் இடர். அக்காலத்து மாணவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். அவன் கையிலிருக்கும் புத்தகம் அவன் தாய்மொழியில் பெண்பால், இலத்தீனில் ஆண்பால், ஜெர்மனில் நடுப்பால். சாளரத்துக்கு வெளியே காயும் ஞாயிறு அவன் தாய்மொழியில் நடுப்பால், இலத்தீனில் ஆண்பால், ஜெர்மனில் பெண்பால். தன் மொழியின் பாலை அவன் ஒருநாளும் கற்றதில்லை. அது மூச்சுப்போல் இருந்தது. பிறமொழிகளின் பாலையோ அடிவாங்கி மனப்பாடம் செய்தான். பால் என்பது மனப்பாடத்திற்குரிய பாடம் என்ற எண்ணம் இவ்வகுப்பறைகளில்தான் வேரூன்றியது என்று நான் கருதுகிறேன். இலத்தீன் ஆசிரியர்கள் பண்டைய உரோமை இலக்கணி தொனாத்துசின் வழியில், ஒவ்வொரு பெயரையும் அதன் சுட்டோடு சேர்த்தே ஒப்பிக்கச் செய்தனர்: ஹிக், ஹேக், ஹோக். இதற்கும் தாய், தா, தோ என்பதற்கும் உள்ள உறவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஹிக், ஹேக், ஹோக் என்பது புதிதாகக் கற்பவனுக்கு நினைவுக் கயிறு. அதையே தாய்மொழிக்குத் திருப்பியபோது அது சோதனையாக மாறிற்று. ஒரே கருவி; பயன் வேறு.

அந்தத் திருப்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. லியுதெவித் காய் 1830-இல் எழுத்துச் சீர்திருத்த நூலையும் 1835-இல் செய்தித்தாளையும் வெளியிட்டு இல்லீரிய இயக்கத்தைத் தொடங்கினார். 1839-இல் அந்துன் மஜுரானிச் தொடக்க மாணவர்க்கென ஓர் இலக்கணம் எழுதினார். அதன் தலைப்பிலேயே இல்லீரிய மொழியும் இலத்தீனும் அருகருகே நிற்கின்றன. தாய்மொழியை இலத்தீனின் தோளைப் பற்றியே வகுப்பறைக்குள் அழைத்துவர முடிந்தது. 1847-இல்தான் நாட்டின் பேரவை இலத்தீனைக் கைவிட்டு மக்கள்மொழியை ஆட்சிமொழியாக ஏற்றது. 1874-இல், அந்துனின் தம்பியும் கவிஞருமான இவான் மஜுரானிச் ஆளுநராக இருந்தபோது, குரோஷியா-ஸ்லவோனியாவில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பெருந்திரளாகப் பள்ளிக்குள் நுழைந்தனர். குருமாருக்கும் படைவீரருக்கும் எழுதப்பட்ட அட்டவணை அவர்கள்முன் விரிக்கப்பட்டது.

அப்பிள்ளைகளுக்கு எதைக் கற்பிப்பது? மேசை ஆண்பால் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே பாடம் இயல்பாகவே விதிவிலக்குகளின் பக்கம் சாய்ந்தது. அப்பாவைக் குறிக்கும் சொல் ‘தாத்தா’, ‘ஆ’ ஒலியில் முடிந்து பெண்பால் போலவே வேற்றுமை ஏற்கும், ஆயினும் ஆண்பால். இரவு, எலும்பு, உப்பு, அன்பு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் மெய்யில் முடிந்தும் பெண்பால். ‘போல்’ என்றால் வலி. உடல் வலியாயின் அது ஆண்பால், உள்ளத்து நோவாயின் பெண்பால் என்று இலக்கணிகள் பிரித்துச் சொல்வர். மாலையைக் குறிக்கும் ‘வேச்செர்’ பழைய ஸ்லாவிய மொழியில் ஆண்பால். ரஷ்ய மொழியில் இன்றும் ஆண்பால். இன்றைய குரோஷியச் செந்நெறியில் பெண்பால். ஆனால் ‘நல்ல மாலை’ என்று வாழ்த்தும்போது மட்டும் மக்கள் பலர் பழைய ஆண்பால் அடையையே சொல்கின்றனர். பள்ளி திருத்தும், பிள்ளை வீடு திரும்பித் தாத்தாவிடம் (நம் தாத்தாவிடம்) ஆண்பாலிலேயே வாழ்த்துப் பெறும்.

இதில் மொழியரசியலும் கலந்தது. குரோஷிய மொழியின் பெருவழக்குகள் மூன்று. ‘என்ன’ என்பதற்கு ‘ஷ்தோ’, ‘காய்’, ‘சா’ என வழங்குவதை வைத்து அவற்றுக்குப் பெயரிட்டுள்ளனர். 1899-இல் தோமோ மரெத்திச் எழுதிய பேரிலக்கணம் ‘ஷ்தோ’ வழக்கை, அதிலும் வூக் கராஜிச், தானிச்சிச் ஆகிய செர்பிய அறிஞர்களின் நூல்களையே சான்றாகக் கொண்டது. தலைநகர் ஸாக்ரெபைச் சூழ்ந்துள்ள ‘காய்’ வழக்குப் பிள்ளைக்குப் பள்ளியின் தாய்மொழி பாதி அயல்மொழி. பின்னர், செர்பியமும் குரோஷியமும் தனித்தனி மொழிகள் என்ற நிலை வலுப்பெற்றபோது, பாலே ஓர் எல்லைக் கல்லாயிற்று. கோளைக் குறிக்கும் ‘பிளானெத்’ குரோஷியத்தில் ஆண்பால். செர்பியத்தில் ‘பிளானெத்தா’ எனப் பெண்பால். நிமிடம் அதற்கு மாறு: குரோஷியத்தில் பெண்பால், செர்பியத்தில் ஆண்பால். பத்து வயதுப் பிள்ளை ஒரு சொல்லின் பாலை மாற்றிச் சொன்னால், அதை வெறும் பிழை என்று கேட்பவரும் உண்டு; எந்தப் பக்கத்தான் என்று கேட்பவரும் உண்டு. இலக்கணப் பாடம் இத்தனைச் சுமையைத் தாங்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஸ்த்யெப்கோ தேஷாக் என்னும் பேராசிரியரைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. பாபிச்சுடன் சேர்ந்து அவர் எழுதிய பள்ளி இலக்கணம் 1966 தொடங்கிப் பல பதிப்புகள் கண்டது. அரசியல் காற்றுக்கேற்ப அட்டையில் மொழியின் பெயர் மாறியபடி இருந்தது. உள்ளே அட்டவணைகள் பெரிதும் அப்படியே இருந்தன. தேஷாக் தம் பிறந்த வட்டாரமான ஓஸாலின் பேச்சை ஆராய்ந்தவர். வீட்டு வழக்கும் பள்ளி வழக்கும் அருகருகே வைத்துக் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கருத்து குரோஷியப் பாடத்திட்டத்தில் ‘பிறந்த மண்ணின் பேச்சு’ என்ற பெயரில் இடம்பெற்றிருப்பது, அவரும் அவர் தலைமுறையினரும் இட்ட வித்து.

பள்ளிக்கு வருமுன் பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்பதையும் பார்ப்போம். தமிழில் செயப்படுபொருளுக்கு உருபு ஒன்றே: வீட்டை, மரத்தை, தம்பியை. குரோஷியத்தில் அது பாலுக்குப் பால் மாறும். பெண்பால் ‘க்ஞீகா’ செயப்படுபொருளாகும்போது ‘க்ஞீகூ’ ஆகும், இரவைக் குறிக்கும் ‘நோச்’ மாறாது, நடுப்பாலும் மாறாது. ஆண்பாலில் உயிருள்ளதும் இல்லாததும் வேறுபடும். கப்பலைக் கண்டேன் என்றால் ‘ப்ரோத்’ மாறாது. அண்ணனைக் கண்டேன் என்றால் ‘ப்ராத்’ என்பது ‘ப்ராத்தா’ ஆகும். மரம் வெட்டினான் என உருபின்றியும் சொல்லும் நாம், ‘அவனை’ என்னுமிடத்தில் உருபை விட முடியாமற்போவதை இதனோடு ஒப்பிட்டு மகிழலாம். பட்டத்தையும் வேதாளப் பாம்பையும் ‘ஸ்மாய்’ என்ற ஒரே சொல் குறிக்கும். அதனால் காகிதப் பட்டமும் உயிருள்ளதாகவே வேற்றுமை ஏற்கிறது. பிள்ளைகளுக்கு இதில் குழப்பமே இல்லை. பட்டம் பறப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள்.

டான் ஸ்லோபினும் தாமஸ் பீவரும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, பெர்க்லி, உரோமை, இஸ்தான்புல், குரோஷியக் கடற்கரை நகரான துப்ரோவ்னிக் ஆகிய நான்கு இடங்களில் இரண்டு முதல் நான்கு வயதுவரையான பிள்ளைகள் வாக்கியத்தை எவ்வாறு புரிந்துகொள்கின்றனர் என்று நோக்கியது. துருக்கிப் பிள்ளைகள் மிக இளமையிலேயே உருபை நம்பினர். துப்ரோவ்னிக் பிள்ளைகள் உருபோடு சொல்வரிசையையும் பற்றிக்கொண்டு சற்றுத் தாமதமாகவே தெளிந்தனர். துருக்கியில் உருபு நம் ‘ஐ’ போல ஒன்றே. குரோஷியத்தில் உருபின் பின்னே பால் மறைந்து நிற்கிறது. இளமையில் கடினமானதும் பால்தான். பள்ளி வயதுக்குள் பெரும்பாலும் கைவந்துவிடுவதும் அதுவே.

இன்னொன்று தமிழில் இல்லாதது. ‘நான் வேலை செய்தேன்’ என்பதை ஆண் ‘ராதியோ ஸாம்’ என்பான். பெண் ‘ராதிலா ஸாம்’ என்பாள். நம் தன்மை வினைக்குப் பால் இல்லை. குரோஷியப் பிள்ளையோ தன்னைப் பற்றி இறந்தகாலத்தில் ஒரு வாக்கியம் சொல்லவும் தன் பாலை அறிவிக்க வேண்டும். அன்னையின் பேச்சைக் கேட்டு வளரும் ஆண்பிள்ளை, அவள் தன்னைப் பற்றிச் சொல்லும் வடிவத்தை அப்படியே திருப்பிச் சொல்லாமல், தனக்குரியதாக மாற்றிக்கொள்ளப் பழகுகிறான். எந்த அட்டவணையும் இதைக் கற்பிப்பதில்லை.

பிள்ளை என்னும் சொல்லின் பாலைக் கேட்டால் கதை இன்னும் சுவைக்கும். ‘தியெத்தெ’ என்பது குழந்தை, நடுப்பால். கன்று, ஆட்டுக்குட்டி, பூனைக்குட்டி ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களும் அவ்வாறே. குழந்தைகள் பலராகும்போது சொல் ‘த்யெத்ஸா’ ஆகும். அது பெண்பால் ஒருமையைப் போல வேற்றுமை ஏற்கும். துணைவினையோ பன்மையில் நிற்கும். கிரெவில் கார்பெட் போன்ற அறிஞர்கள் பால் பற்றிய தம் நூல்களில் இச்சொல்லை மீண்டும் மீண்டும் எடுத்தாண்டதில் வியப்பில்லை. நமக்கும் இது புதிதன்று. மகவு, குழவி ஆகியவை பொருளால் உயர்திணையாயினும் அஃறிணை முடிபு கொள்வதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். குழந்தை அழுதது என்கிறோமேயன்றி அழுதான் என்பது அரிது. பால் பிரியாத பருவத்தை இரு மொழிகளும் ஒரே விதமாகக் கண்டிருக்கின்றன.

இதுவரை சொன்னதெல்லாம் தாய்மொழிப் பிள்ளையைப் பற்றியது. இனி, அந்த நீர் ஊறாத கிணறுகளுக்கு வருவோம். இத்தாலியின் மோலிசே மாநிலத்தில் மூன்று சிற்றூர்களில், ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் கடல் கடந்து குடியேறியவர்களின் வழியினர் இன்றும் ஒரு குரோஷிய வழக்கைப் பேசுகின்றனர். இத்தாலிய மொழிக்குப் பால் இரண்டே. அதன் நிழலில் வாழ்ந்த அவ்வழக்கில் நடுப்பால் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பாலில் கலந்துவிட்டன. பிழை செய்தவர் யாருமில்லை. தலைமுறைக்குத் தலைமுறை மெல்ல நகர்ந்தது. ‘பறவைகள் பறந்தது’ என்றும், ‘நாய் ஓடினான்’ என்றும் எழுதும் நம் மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் அவ்வூர்களை ஒருகணம் நினைத்துக்கொள்ளலாம். ‘பறவை எத்திணை?’ என்று கேட்டால் அப்பிள்ளை ‘அஃறிணை’ என்று சரியாகவே சொல்லும். திணை தெரியும், ‘பறந்தன’ என்னும் வடிவம் காதில் விழுந்ததில்லை.

குரோஷியாவுக்குள்ளேயே அத்தகைய பிள்ளைகள் உள்ளனர். வடக்கே மெஜிமூர்யே வட்டாரத்தில் ரோமா இனத்தவர் பலர் வீட்டில் பேசுவது ருமேனிய மொழியின் ஒரு வழக்கு. மாசினெத்ஸ், போத்தூரென் ஆகிய ஊர்களின் பள்ளிகளில் அப்பிள்ளைகள் பலர், குரோஷிய மொழி போதாது என்ற காரணத்தால், ரோமாப் பிள்ளைகள் மட்டுமே உள்ள வகுப்புகளில் அமர்த்தப்பட்டனர். வழக்கு ஸ்ட்ராஸ்பூர்க் வரை சென்றது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேராயம் 2010 மார்ச் 16-இல் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. ஒன்பது நடுவர் ஒருபுறம். எட்டு நடுவர் மறுபுறம். தீர்ப்பில் ஆசிரியராகிய நம்மைக் குத்தும் பகுதி ஒன்று உண்டு. வகுப்பைப் பிரிக்குமுன் நடத்திய சோதனை குரோஷிய மொழித் திறனைத் தனியாக அளக்கவேயில்லை. பிரித்தபின் நடத்திய பாடமும் மொழிக் குறையை நீக்குவதற்கெனத் திட்டமிடப்படவில்லை. மொழியைக் காரணம் காட்டிய பள்ளி மொழியைக் கற்பிக்கவில்லை.

இன்று அந்நாட்டில் மொழி தெரியாத மாணவர்க்கென ஆயத்த வகுப்பு உண்டு. அவ்வகுப்பில் உக்ரைனிலிருந்து போரினால் பெயர்ந்து வந்த பிள்ளையும் அமரலாம். அதன் தாய்மொழியிலும் முப்பால் உண்டு. புத்தகம் பெண்பால், ஞாயிறு நடுப்பால், இரவு பெண்பால் என்பதெல்லாம் அங்கும் அவ்வாறே. மாலை மட்டும் ஆண்பால். அப்பிள்ளைக்குத் தாய், தா, தோ ஒரு வாரத்தில் வசப்படும். ருமேனிய வழக்கு பேசும் ரோமாப் பிள்ளைக்கும் பால் என்பது புதிதன்று; ஆனால் அதன் மூன்றாம் பால் ஒருமையில் ஆண்பாலாகவும் பன்மையில் பெண்பாலாகவும் நடப்பது. நேபாளத்திலிருந்தோ பிலிப்பைன்சிலிருந்தோ வேலைக்கு வந்தவரின் பிள்ளைக்கு மேசையை ஆணாக எண்ணுவதே வேடிக்கையாகத் தோன்றும். மூவருக்கும் ஒரே பயிற்சித்தாளைக் கொடுத்து ‘பொருந்தும் சுட்டை எழுதுக’ என்றால் ஒருவர் எழுதுவார், ஒருவர் தடுமாறுவார், ஒருவர் மூன்றில் ஒன்றைக் குத்துமதிப்பாக இடுவார். மூன்றாமவருக்குத் தேவை, ‘சிவப்புப் புத்தகம்’, ‘புத்தகம் விழுந்தது’, ‘புத்தகத்தைக் கொடு’ என அடையோடும் வினையோடும் உருபோடும் ஒரே சொல்லை அன்றாடம் நூறுமுறை கேட்பதும் சொல்வதும். அதற்குக் குறுகிய ஆயத்த வகுப்பு போதாது.